நிழற்படமும் உரிப்பொருளும்

நிழற்படக் கருவி வாங்குவது ஒரு காலத்தில் செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கே இயன்ற காரியமாக இருந்தது. இன்று கைபேசியோடு கருவியும் சேர்ந்தே வந்துவிடுகிறது. விடுதி அறை ஒன்றில் நால்வர் இருந்தால் கருவியும் நான்கு இருக்கிறது. படம் எடுக்காத மாணவர் நம்மிடையே இல்லை எனலாம். ஆயினும், "நீ ஏன் படம் எடுக்கிறாய்?" என்று கேட்டுப் பாருங்கள். "அழகாக இருந்தது, எடுத்தேன்" என்பதற்கு மேல் விடை வருவது அரிது. அழகானவை வழிநெடுக ஆயிரம் இருக்க, அந்த ஒன்றன்முன் மட்டும் நின்றது ஏன்? இந்த வினாவுக்கு விடை தேடியவனுக்கே தனக்கென ஒரு நடை அமைகிறது. திரு. வி. க.வின் பத்தி ஒன்றையும் புதுமைப்பித்தனின் பத்தி ஒன்றையும் பெயர் மறைத்துக் கொடுத்தாலும், யாருடையது எது என்று நாம் சொல்லிவிடுகிறோம் அல்லவா? நிழற்படத்திலும் அத்தகைய நடை உண்டு. அது எங்ஙனம் பிறக்கிறது என்பதையே இங்கே சொல்ல முயல்கிறேன்.

சொல் பற்றி ஒன்று. இதனைப் 'புகைப்படம்' என்பாரும் உளர். 'ஒளிப்படம்' என்பாரும் உளர். புகைக்கும் இதற்கும் உறவு ஒன்றும் இல்லை. ஒளியையோ எல்லாரும் தேடுகிறார்கள். நிழலைத் தேடவும் சிலர் வேண்டுமே என்று நான் 'நிழற்படம்' என்பதையே வைத்துக்கொண்டேன்.

என் ஊர் பாறசாலைக்கு அருகில் இருக்கிறது. திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர். 1979-இல் திறக்கப்பட்ட கன்னியாகுமரி இருப்புப் பாதையில் கேரளத்தின் கடைசி நிலையம் பாறசாலை. வெளியூர் நண்பர்கள் கருவியும் கையுமாக வந்து, "எல்லையைக் காட்டு" என்று கேட்பதுண்டு. நெடுஞ்சாலையில் இஞ்சிவிளை கடந்து களியக்காவிளைக்கு அழைத்துச் செல்வேன். சாலையோரத்து அறிவிப்புப் பலகைகளையும் சோதனைச் சாவடியையும் விட்டால், படம் எடுக்க அங்கே எல்லை என்று ஒன்றுமில்லை. இப்புறமும் தென்னை, அப்புறமும் தென்னை. இப்புறமும் மரச்சீனி, இரப்பர், வாழை, அப்புறமும் அவையே. இங்குள்ள ஊர்ப்பெயரும் 'விளை', அங்குள்ள ஊர்ப்பெயரும் 'விளை'. பனையிலிருந்து இறக்குவதை இருபுறத்தாரும் 'அக்கானி' என்றே சொல்கிறோம்.

தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்திற்கு வடக்கே வேங்கடத்தையும் தெற்கே குமரியையும் எல்லையாகச் சொல்லிற்று. மேற்கெல்லை எது என்று அது சொல்லவில்லை. அதனைச் சொல்லும் பொறுப்பு 1956-க்கு வந்து சேர்ந்தது. அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு கேட்ட வட்டங்களுள் ஒன்றான நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. நாங்கள் அந்த வட்டத்தார். அரசியலை இங்கே விரிக்க நான் எண்ணவில்லை. கண்ணுக்குப் புலப்படாத ஒரு கோட்டின்மேல் கருவியோடு நிற்பவன் எதை எடுப்பான் என்பதே என் கேள்வி. எடுக்கத்தக்க பொருள் வெளியே இல்லாதபோது, அவன் எடுக்கும் படம் அவனையே காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஆதலால் நடை தேடும் ஒருவனுக்கு எல்லையூரைவிட நல்ல பள்ளி இல்லை என்பது என் கருத்து.

இதனை விளக்க நம் அகத்திணை இலக்கணமே போதும். பாட்டின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்தனர் நம் முன்னோர். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்து மரமும் பறவையும் பறையும் தொழிலும் கருப்பொருள். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்னும் ஒழுக்கம் உரிப்பொருள். மூன்றனுள்ளும் ஒன்றைவிட ஒன்று சிறந்தது என்றும், உரியே தலையாயது என்றும் உரையாசிரியர் கூறுவர். இப்போது நம் கைபேசியில் உள்ள படங்களைப் பாருங்கள். மாலைச் சூரியன் முதற்பொருள், படகு கருப்பொருள், பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். உரிப்பொருள் இராது. எல்லையூரில் முதலும் கருவும் இருபுறமும் ஒன்றாகவே இருப்பதால், உரியைத் தேடினாலன்றிப் படத்திற்கு வழியே இல்லை.

சென்ற ஆண்டு நண்பர் மூவர் பாலராமபுரம் சென்றோம். அதுவும் நெய்யாற்றின்கரை வட்டத்து ஊரே. 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராம வர்மா காலத்தில் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய சாலியர் நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். குழித்தறியில் அமர்ந்து நாடாவைக் கையால் எறிந்தே நெய்கிறார்கள். விடியலில் தெருநீளத்திற்குப் பாவை இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவார்கள். ஒரு நண்பன் தெருமுனையில் நீண்ட குவியத் தொலைவுள்ள வில்லையோடு நின்று, இளவெயிலில் ஆயிரம் இழையும் ஒரு கோடாய் ஓடுவதை எடுத்தான். அவன் கணக்கு மாணவன்; ஒழுங்கைக் கண்டால் விடமாட்டான். மற்றவன் வீட்டுக்குள் புகுந்து, குழியின் இருட்டில் மிதியின்மேல் இருந்த ஒரு முதியவரின் பாதத்தை எடுத்தான். அவன் தகப்பனார் தையற்காரர். பொறி மிதித்துக் கால் வீங்கியவர். நானோ துணி வாங்க வந்த ஒருவர் மலையாளத்தில் விலை கேட்க, எறிய ஓங்கிய நாடாவோடு கையை நிறுத்தித் தலை திருப்பிய நெசவாளரை எடுத்தேன். ஒரே தெரு, ஒரே காலை. முதலும் கருவும் மூவர்க்கும் பொது; உரி மூவர்க்கும் வேறு. அந்த வேறுபாட்டைத்தான் உந்துதல் என்கிறோம். அது கருவிக் கடையில் கிடைப்பதன்று; வீட்டிலிருந்தே வருவது.

பெரியோர் வரலாறும் இதனையே காட்டும். லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர் 1856-இல் சென்னை அரசின் நிழற்படக்காரராக அமர்த்தப்பட்டார். 1858-இல் அவர் தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்துக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்திற்கு ஒரே படமாக்கினார். ஆவணம் செய்வதே அவர் வேலை. அவர் படங்களில் மனிதரைக் காண்பது அரிது. அக்காலத்துத் தாள் எதிர்ப்படத்திற்கு நெடுநேரம் ஒளி வேண்டியிருந்ததும் அதற்கொரு காரணம். மற்றொரு படைத்தலைவர் வில்லோபி வாலஸ் ஹூப்பர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சத்தில், எலும்பும் தோலுமாய் நின்றவர்களைக் குழுக்களாக அமரவைத்துப் படம் எடுத்தார். எடுத்து முடிந்ததும் உணவோ உதவியோ அளிக்காமல் அனுப்பினார் என்று அக்காலத்திலேயே அவர்மீது கண்டனம் எழுந்தது. இருவரும் கைத்திறம் மிக்கவர்களே. ஆயினும் ஹூப்பர் படங்களின்முன் நிற்கும்போது, "நீர் ஏன் இதை எடுத்தீர்?" என்று கேட்கத்தான் தோன்றுகிறது. தஞ்சைப் படத்தின்முன் அக்கேள்வி எழுவதில்லை.

நம் மண்ணிலேயே ஒருவர் இருந்தார். அகத்தீசுவரத்து ஜே. சி. டானியல். மலையாளத் திரைப்படத்தின் தந்தை என்று இன்று போற்றப்படுபவர். கேரள அரசு 1992 முதல் அவர் பெயரால் விருது வழங்குகிறது. அவர் கருவியைக் கையில் எடுத்ததற்குக் காரணம் வாட்போரும் களரியும். 1915-இலேயே அக்கலை பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதியவர். அதனை உலகறியச் செய்யத் திரைப்படமே வழி என்று எண்ணினார். நிலத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் படநிலையம் அமைத்துத் தாமே எழுதி, தாமே நடித்து, ஒளிப்பதிவும் தாமே செய்து 'விகதகுமாரன்' என்னும் ஊமைப்படத்தை எடுத்தார். ஆனால் படத்தின் கதை யாது? திருவிதாங்கூரில் பிறந்த ஒரு சிறுவன் இலங்கைக்குக் கடத்தப்பட்டுத் தோட்டக் கூலியாக வளர்கிறான். வாள் தேடிப் போனவர் பிரிவில் வந்து நின்றார். தென்திருவிதாங்கூர்க் குடும்பங்களில் இலங்கைத் தோட்டம் என்ற சொல்லைக் கேட்டு வளராதவர் அக்காலத்தில் எத்தனை பேர் இருந்திருப்பர்? களரி கருப்பொருள், பிரிதல் உரிப்பொருள். தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த பி. கே. ரோசி அப்படத்தில் உயர்சாதிப் பெண்ணாக நடித்தார் என்பதற்காகத் திரையரங்கில் கலகம் செய்து அவரை ஊரைவிட்டே துரத்தினார்கள். டானியல் கடனாளியாகிப் பின்னர்ப் பல் மருத்துவராய் வாழ்ந்து 1975-இல் மறைந்தார். அப்படத்தின் பிரதி ஒன்றுகூட எஞ்சவில்லை.

மலையாள மனோரமாவின் விக்டர் ஜார்ஜ் தில்லியில் நடந்த நீச்சற்போட்டி ஒன்றுக்குச் சென்றபோது, நீரில் முந்திக்கொண்டிருந்த அனிதா சூட்டை விட்டுவிட்டு, கரையில் எழுந்து நின்று துள்ளிய அவர் தாயைத் தொடர்ந்து எடுத்தார். மற்றவர் எல்லாரும் நீரைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. மழையையே தம் பொருளாகக் கொண்டிருந்த அவர் 2001 சூலையில் இடுக்கி மாவட்டத்தில் நிலச்சரிவைப் படம் எடுக்கப் போய், அடுத்த சரிவில் சிக்கி மாண்டார். மதுரையில் மீன் விற்ற தாயின் மகனான எம். பழனி குமார் துப்புரவுத் தொழிலாளரையும் மீனவப் பெண்களையும் எடுத்து வருகிறார். அவர் படங்களில் உழைக்கும் பெண் இரக்கத்திற்குரியவளாக நிற்பதில்லை; அக்கண் வீட்டுப் பிள்ளையின் கண்.

சரி, நம் உந்துதலை நாம் கண்டுகொள்வது எப்படி? கண்ணை மூடிக்கொண்டு, "நான் யார்?" என்று கேட்பதால் பயனில்லை. எடுத்து வைத்திருக்கும் படங்களைக் கேட்க வேண்டும். பழைய நாளில் ஒரு சுருளில் 36 படம். அவற்றைச் சிறுசிறு அச்சாக ஒரே தாளில் இட்டுப் பார்ப்பார்கள். இன்று நாம் பல்லாயிரம் எடுத்துவிட்டு ஒன்றையும் திரும்பப் பார்ப்பதில்லை. மூன்றாண்டுப் படங்களிலிருந்து, நின்று யோசிக்காமல், கை போனபடி 100 படங்களைத் தேர்ந்து மலிவான சிறு அச்சுப் போட்டுத் தரையில் பரப்பினேன். எது நன்றாயிருக்கிறது என்று பார்க்கவில்லை. எது திரும்பத் திரும்ப வருகிறது என்று மட்டுமே பார்த்தேன். நெய்யாறு, அருவிப்புறம், தேவாலயக் கொடிமரம், பொழியூர்க் கடல் இவைதாம் மிகுதியாய் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இருந்தவை வேறு. நூற்றில் 31 படங்களில் யாரோ ஒருவர் வாய் மூடி, தலையைச் சற்றே சாய்த்து, பிறர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். பாலராமபுரத்து நெசவாளர் உட்பட.

காரணம் உடனே விளங்கியது. எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் புதியவர் ஒருவர் நுழைந்தால், கடைக்காரர் முந்திக்கொண்டு பேசமாட்டார். வந்தவர் வாயிலிருந்து முதற்சொல் வரட்டும் என்று காத்திருப்பார். அதற்கேற்ப, "என்ன வேணும்?" என்றோ "எந்து வேணம்?" என்றோ வரும். இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு ஒரு கணந்தான்; அந்தக் கணத்தில் அவர் முகம் முழுதும் காதாக இருக்கும். விற்பவர்க்கு அது பழக்கம், தொல்லை இல்லை. என் பாட்டிக்கு அப்படியன்று. 1956-க்கு முன் பிறந்தவர். தமிழ் மட்டுமே எழுதப் படிக்கத் தெரிந்தவர். ஓர் அலுவலகத்துச் சன்னலின்முன் தம் பெயரைச் சொல்வதற்குக்கூட, உள்ளே இருப்பவர் முன்னவரிடம் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, நாவில் ஒரு வாக்கியத்தை ஒத்திகை பார்த்து நிற்பார். சிறுவனாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து அந்த முகத்தைப் பார்த்து நின்ற நேரங்கள் பல. எல்லை எங்கே என்று கேட்ட நண்பர்களுக்கு நான் காட்டியிருக்க வேண்டிய இடம் அதுதான். அது சாலையில் இல்லை. பேசுமுன் ஒருவர் காத்திருக்கும் அந்த நொடியில் இருக்கிறது. இஃது இருத்தலின்பாற்படுமா என்று தமிழ்த்துறை நண்பர்கள் வாதிடட்டும்.

உந்துதல் தெரிந்தபின் நடைக்காக அலைய வேண்டியதில்லை. அதுவே சில விதிகளை இட்டுவிடுகிறது. கேட்பவரின் முகம் வேண்டுமானால் பேசுபவரின் முதுகும் படத்தில் வேண்டும். ஆகவே என் படங்கள் அகலவாட்டில் அமைகின்றன. முதுகும் முகமும் ஒருங்கே அடங்க, ஓரிரண்டு அடி விலகி நிற்க வேண்டும். ஆனால் கண்ணின் சாய்வு தெரியாத அளவுக்கு எட்டிப் போகவும் கூடாது. 24-க்கு 36 மில்லிமீட்டர் சட்டமுள்ள கருவியில் 35 மில்லிமீட்டர் வில்லை இதற்குப் பொருந்துகிறது. பலர் நினைப்பதுபோல் அகலவில்லை முகத்தைக் கோணலாக்குவதில்லை. மூக்கு பெரிதாகவும் காது சிறிதாகவும் தெரிவது நாம் மிக நெருங்கி நிற்பதால். தொலைவுதான் உருவங்களின் அளவு விகிதத்தை முடிவு செய்கிறது. வில்லை எவ்வளவு இடத்தைச் சட்டத்துக்குள் அடக்குவது என்பதை மட்டுமே முடிவு செய்கிறது. ஆதலால் ஒருவர் நடையைப் பற்றிக் கேட்க வேண்டிய முதற் கேள்வி, "எந்தக் கருவி?" என்பதன்று, "எத்தனை அடி தள்ளி நின்றீர்?" என்பதே. கார்த்தியே-பிரெசோன் பெரும்பாலும் 50 மில்லிமீட்டர் வில்லை ஒன்றையே வாழ்நாளெல்லாம் பயன்படுத்தினார். 1950 ஏப்பிரலில் இரமண மகரிசியின் இறுதி நாட்களில் திருவண்ணாமலையில் இருந்து படம் எடுத்தவர் அவர். அவர் வைத்திருந்த லைக்காவை நாம் கடன் பட்டு வாங்கலாம். அவர் நின்ற தொலைவை வாங்க முடியாது.

கைபேசி வைத்திருப்போர் ஒன்றை மறக்கலாகாது. அதற்குள் ஒரு நடையை முன்னமே யாரோ தேர்ந்து வைத்திருக்கிறார்கள். அதன் முதன்மை வில்லை பெரும்பாலும் 24 முதல் 26 மில்லிமீட்டருக்கு ஒப்பானது. ஆகவே நம் எல்லார் படங்களும் ஒரே அகலத்தில் உலகைக் காண்கின்றன. எங்கள் ஊரில் நண்பகலில் தென்னை நிழலில் நில்லுங்கள். முகத்தில் வெயில் காசுகாசாய் விழும். வெயில் பட்ட இடத்துக்கும் நிழலுக்கும் ஒளிவேறுபாடு மிகப் பெரிது; கருவி ஒன்றைக் காத்தால் மற்றொன்றை இழக்கும். கைபேசி என்ன செய்கிறது? வெவ்வேறு ஒளியளவில் பல படங்களை ஒரு நொடியில் எடுத்துக் கலந்து, வெயிலைத் தணித்து, நிழலை வெளுத்துவிடுகிறது. படம் தெளிவாக இருக்கிறது, நண்பகல் போய்விட்டது. முகத்தை அழகாக்கும் வசதி என்று ஒன்று உண்டு. அது நம் நிறத்தையும் கேளாமலே வெளுக்கிறது. இது புதிய பழக்கமுமன்று. 1950-களில் தொடங்கி நெடுங்காலம் கோடாக் நிறுவனத்தார் அச்சுக்கூடங்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி அட்டை'யில் வெள்ளை நிறப் பெண்ணின் படமே இருந்தது. அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று வைத்துக்கொண்டார்கள். பல நிறத்தாரும் உள்ள அட்டை 1990-களில்தான் வந்தது. எங்கள் ஊர்க் கறுத்த முகம் கறுத்தே வரவேண்டும் என்று எண்ணுபவன், தானே இயங்கும் அந்த வசதிகளை அணைத்துவிட்டு, முகத்தைத் தொட்டு ஒளியளவை ஒரு படி குறைத்து எடுக்கட்டும். அந்தச் சிறு செயலும் நடையே.

பயிற்சி ஒன்று சொல்லலாம். ஒரு திங்கள் முழுதும் ஒரே வில்லை, ஒரே இடம். நான் பனச்சமூட்டுச் சந்தையைக் கொண்டேன். முதல் வாரம் எல்லாரும் கருவியைப் பார்த்துச் சிரித்தார்கள்; எல்லாம் சிரித்த முகம். இரண்டாம் வாரம் எனக்கே சலிப்பு. மூன்றாம் வாரத்தில் நான் இருப்பதை மறந்துவிட்டார்கள். அப்போதுதான் படம் கிடைக்கத் தொடங்கியது. இதற்குக் குறுக்குவழி இருப்பதாகத் தோன்றவில்லை. ஒளிந்து நின்று தொலைவில்லையால் எடுப்பது குறுக்குவழி போலத் தெரியும். அப்படி எடுத்த படத்தில் எடுத்தவனின் கூச்சமே தெரியும்.

மீன் விற்கும் அம்மை ஒருவர் கேட்டார்: "மக்கா, ஒனக்கு இந்தப் படம் என்னத்துக்கு?" எடுத்தவர்களுக்கெல்லாம் அச்சுப் போட்டுக் கொடுப்பது என் வழக்கம், அடுத்த வாரம் அவர் படத்தைக் கையில் கொடுத்தேன். பாலராமபுரத்துப் படத்தைப் போன்றதே அது. வாங்க வந்தவரின் முதுகு, தராசு, சாய்ந்த முகம். அவர் அதை வெயிலில் பிடித்துப் பார்த்தார். "இதுல நான் ஒண்ணும் பேசல்லியே. அவன் என்ன பாசயில கேக்கான்னு பாத்துட்டுல்லா நிக்கேன்" என்றார். பிறகு அதை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, தம் மகளையும் பக்கத்தில் நிறுத்தி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிரித்த முகமாக ஒன்று எடுக்கச் சொன்னார். எடுத்துப் பெரிய அளவில் அச்சிட்டுக் கொடுத்தேன். அது என் நூற்றில் சேராது. அவர் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது.